உபுண்டுவின் பீட்டா பதிப்பைச் சோதிப்பதும் நமக்கேற்ப மாற்றியமைப்பதும்

உபுண்டு இயங்குதளத்தின் புதிய பதிப்புகள் ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவருகின்றன. பதிப்பின் எண்ணே அது வெளிவரும் ஆண்டையும் மாதத்தையும் சொல்லிவிடும்: 2004 அக்டோபரில் வந்த முதல் பதிப்பு 4.10, 2024 ஏப்ரலில் வந்தது 24.04. இறுதி வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் சோதனைக்கான பீட்டா பதிப்பு வரும். அதற்கும் முன்னதாக, வளர்ச்சிக் காலத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் தானாகத் தயாராகும் நிறுவல் கோப்புகளை எவரும் இறக்கிக்கொள்ளலாம். இவற்றை எடுத்துப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆசைகள் இருக்கும். புதிய பதிப்பில் எது சரியாக இயங்குகிறது, எது இடறுகிறது என்று கண்டறிவது ஒன்று; திரையையும் விசைகளையும் செயலிகளையும் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், பிறகு தோன்றும் கோளாறு இயங்குதளத்துடையதா, நாம் சேர்த்த நீட்சியுடையதா (extension) என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் வந்தது வந்தபடியே சோதிக்க வேண்டும். பிறகு, வேண்டியபோது தனியே கழற்றிவிடக்கூடிய விதத்தில், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

எப்போது, எங்கே நிறுவுவது

வளர்ச்சிக் காலத்தின் முற்பகுதியில் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்தின் அன்ஸ்டேபிள் கிளையிலிருந்து மென்பொருள் பொதிகள் தொடர்ந்து வந்து சேர்ந்துகொண்டிருக்கும். அந்நாட்களில் இன்று இயங்கியது நாளை இயங்காமல் போவது இயல்பு. அதை வழு (bug) என்று அறிவிப்பதில் பெரும்பாலும் பயனில்லை. புதிய வசதிகளைச் சேர்ப்பது நிறுத்தப்படும் ஃபீச்சர் ஃப்ரீஸ் என்னும் கட்டம் தாண்டிய பிறகே சோதனைக்குப் பொருள் வருகிறது. அதன்பின் இடைமுகத்தின் தோற்றமும் சொற்களும் உறைய வைக்கப்படும், அடுத்து பீட்டா, இறுதியில் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலும் மற்றவையும். ஒரு வடிவமைப்பு முடிவு பிடிக்கவில்லை என்று சொல்ல விரும்புபவர் பீட்டாவுக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தம் மடிக்கணினியின் வைஃபை, ஒலி, உறக்க நிலை ஆகியவை இயங்குகின்றனவா என்று பார்க்க விரும்புபவருக்கோ பீட்டாவே சரியான நேரம். திருத்துவதற்கு இன்னும் நாட்கள் இருக்கும், அடித்தளமும் ஓரளவு நிலைபெற்றிருக்கும்.

நிறுவல் கோப்பு இப்போது 5 ஜிபியைத் தாண்டிவிட்டது. இறக்கியதும் அதனுடன் தரப்படும் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாதியில் அறுந்த இறக்கத்தால் வரும் நிறுவல் பிழையை இயங்குதளத்தின் பிழை என்று எண்ணி அலைவது வீண். நாள்தோறும் புதிய கோப்பைச் சோதிப்பவர்கள் ஸீசிங்க் என்னும் கருவியைப் பயன்படுத்தினால், முந்தைய கோப்பிலிருந்து மாறிய பகுதிகள் மட்டும் இறங்கும்.

முதல் நிறுவலை, கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் மெய்நிகர் கணினியில் செய்வது நல்லது. விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது கேவிஎம் எதுவாயினும், 4 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டும் ஒதுக்கி, நிறுவல் முடிந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன், அந்த நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்து அதற்குத் தெளிவான பெயரிட்டு வையுங்கள். நீங்கள் என்ன மாற்றினாலும், அந்தத் தீண்டப்படாத நிலைக்கு ஒரு நிமிடத்தில் திரும்பி, அதே கோளாறு அங்கும் தோன்றுகிறதா என்று பார்க்கலாம். சோதனையில் இதைவிட மதிப்புள்ள கருவி வேறில்லை.

ஆனால் மெய்நிகர் கணினியில் உண்மையான வைஃபை அட்டையோ ப்ளூடூத்தோ தொடுதட்டோ இல்லை. இவற்றுக்காகவே உண்மைக் கணினி வேண்டியிருக்கிறது. முதலில் பென்டிரைவிலிருந்து நிறுவாமலேயே இயக்கிப் பாருங்கள். வன்பொருள் குறித்த கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். நிறுவத்தான் வேண்டுமென்றால் அன்றாட வேலைக்கான கணினியைத் தவிர்த்து, பழைய கணினியிலோ தனி எஸ்எஸ்டியிலோ நிறுவுங்கள். ஒரே வட்டில் இரண்டு பதிப்புகளை வைப்பவர்கள் ஹோம் கோப்புறையை இரண்டுக்கும் பொதுவாக வைக்கக் கூடாது. புதிய செயலி தன் தரவுகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடும். பழைய செயலிக்கு அது புரியாது. ஃபயர்பாக்ஸ் போன்றவை, புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க மறுத்துவிடுவதுண்டு.

பேக்கப் எடுங்கள் என்ற அறிவுரை கேட்டுக் கேட்டுச் சலித்தது என்றாலும், வட்டிலுள்ள தரவு மட்டுமே ஆபத்தில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. 2017 அக்டோபரில் வெளியான 17.10 பீட்டா அல்ல, இறுதிப் பதிப்பு. அதன் கெர்னலில் இயக்கப்பட்டிருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர் ஒன்றால் லெனோவோ உள்ளிட்ட சில நிறுவனங்களின் மடிக்கணினிகளில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் போயிற்று. டிசம்பரில் இறக்கப் பக்கத்திலிருந்தே அதை எடுத்துவிட்டு, 2018 ஜனவரியில் திருத்திய கோப்பை வெளியிட்டார்கள். வட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் தீர்ந்துவிடும் வகைக் கோளாறு அல்ல அது. ஆகவே, இழந்தால் தாங்கிக்கொள்ள முடியாத கணினியில் பீட்டாவை ஏற்றாதீர்கள்.

புதுப்பித்தல்

பீட்டாவை நிறுவியபின் நாள்தோறும் புதுப்பித்தல்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றை ஏற்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: எவை நீக்கப்படப் போகின்றன? பல செயலிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் நூலகம் ஒன்றின் பெயர் மாறி, அதைச் சார்ந்த பொதிகள் இன்னும் மறுபடி கட்டப்படாத இடைவெளியில், முழுப் புதுப்பித்தலுக்கு அனுமதி கொடுத்தால் டெஸ்க்டாப் பொதியையே நீக்கிவிடவும் அது முன்வரும். 24.04 வளர்ச்சியின்போது, 32 பிட்டில் பதியும் நேரம் 2038இல் நிரம்பிவிடும் என்னும் சிக்கலைத் தீர்க்க 32-பிட் ஆர்ம் கணினிகளில் நேரத்தை 64 பிட்டில் பதியும் மாற்றம் நடந்தது. எண்ணற்ற நூலகப் பொதிகளுக்குப் பெயர் மாறியதால், அந்த வாரங்களில் நீக்கப்படுபவற்றின் பட்டியலைப் படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்துவது பெரும் துணிச்சலாக இருந்தது. அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் அன்று புதுப்பிக்காமல் இரண்டொரு நாள் பொறுத்திருப்பதே விவேகம்.

பொதிகள் இறக்கப்படும் இடங்களான களஞ்சியங்களுள் ‘புரொப்போஸ்டு’ என்பதை இயக்க வேண்டாம். புதிய பொதிகள் முதலில் அங்கே வந்து, தானியங்கிச் சோதனைகளைக் கடந்த பின்னரே முதன்மைக் களஞ்சியத்துக்கு நகர்கின்றன. வளர்ச்சிப் பதிப்பில் அதை முழுவதுமாக இயக்குவது, வடிகட்டும் முன்பே பருகுவதாகும். இந்த வடிகட்டலின் அருமை 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. எக்ஸ்ஸெட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த, பிறர் கள்ளத்தனமாக நுழைய வழிவிடும் பின்வாசலை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்து அறிவித்தார். உபுண்டு 24.04இல் அந்தப் பதிப்பு புரொப்போஸ்டு களஞ்சியம் வரை வந்திருந்தது; முதன்மைக் களஞ்சியத்துக்குள் நுழைவதற்கு முன் அகற்றப்பட்டது. அதோடு விடாமல், ஐயத்துக்குரிய காலத்தில் கட்டப்பட்ட பொதிகளை எல்லாம் மறுபடி கட்ட முடிவு செய்ததால், ஏப்ரல் 4 அன்று வரவேண்டிய பீட்டா ஏப்ரல் 11 அன்றுதான் வந்தது.

வழுவை அறிவித்தல்

ஒரு கோளாறைக் கண்டதும் முதலில் செய்ய வேண்டியது, அதை மீண்டும் வரவழைக்க முடிகிறதா என்று பார்ப்பது. முடிந்தால், எந்தப் படிகளைச் செய்தபோது வருகிறது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது ஆகிய மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து அதே படிகளைச் செய்து பாருங்கள். அங்கே வரவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் அமைப்புகளில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அனுப்பப்படும் அறிக்கைகள்தாம் சீர்செய்பவர்களின் நேரத்தை விழுங்குகின்றன.

உபுண்டுவின் வழுக்கள் லாஞ்ச்பேட் தளத்தில் பதிவாகின்றன. உலாவியில் நேரடியாகச் சென்று எழுதுவதைவிட, இயங்குதளத்துடனேயே வரும் ‘உபுண்டு-பக்’ கட்டளையைப் பொதியின் பெயருடன் முனையத்தில் (terminal) இயக்குவது மேல். பதிப்பு எண், கெர்னல் விவரம், பதிவேடுகள் ஆகியவற்றை அதுவே திரட்டி இணைத்துவிடும். கணினி உறைந்து மறுபடி தொடங்க நேர்ந்தால், முந்தைய இயக்கத்தின் பதிவேட்டை ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாக எடுக்கலாம். உறைவதற்கு முந்தைய கடைசி வரிகளில்தான் பெரும்பாலும் தடயம் இருக்கும். செயலி நொறுங்கியபோது எடுக்கப்படும் நினைவகப் பதிவில் கடவுச்சொல், கடிதம் போன்ற அந்தரங்கத் தரவுகள் இருக்கக்கூடும் என்பதால் அதைப் பொதுப்பார்வைக்குத் திறக்காதீர்கள். ஏற்கெனவே அதே வழு பதிவாகியிருந்தால் புதிதாக எழுதாமல், உங்களுக்கும் அது நேர்கிறது என்று குறியிட்டால் போதும்.

மாற்றியமைத்தல்

தீண்டப்படாத நிலையை நன்கு பார்த்து முடித்த பிறகு மாற்றங்களுக்கு வரலாம். உபுண்டுவின் டெஸ்க்டாப் இடைமுகமான குனோமில் நாம் செய்யும் அமைப்புகள் பெரும்பாலும் டிகான்ஃப் என்னும் தரவுத்தளத்தில் சேர்கின்றன. எதையும் மாற்றும் முன் அதை ஓர் உரைக்கோப்பாக எடுத்து வையுங்கள். மாற்றிய பின் மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், நீங்கள் உண்மையில் எவற்றை மாற்றினீர்கள் என்பது வரிவரியாகத் தெரியும். பழைய பதிப்பில் எடுத்த கோப்பை முழுவதுமாகப் புதியதில் ஏற்றும் ஆசை எழும். அதைச் செய்ய வேண்டாம். புதிய பதிப்பு கைவிட்ட அமைப்புகளும் அதோடு வந்து ஒட்டிக்கொள்ளும். விசைக்குறுக்குவழிகள் போன்ற பகுதிகளை மட்டும் தேர்ந்து ஏற்றுங்கள்.

அதிகம் உடைவது குனோம் நீட்சிகள். ஒவ்வொரு நீட்சியும் தான் எந்த குனோம் பதிப்புகளுக்குப் பொருந்தும் என்பதைத் தன் விவரக்கோப்பில் சொல்கிறது. அந்தச் சரிபார்ப்பை முடக்கி நீட்சியைக் கட்டாயமாக இயக்க ஓர் அமைப்பு உண்டு. சில சமயம் அது பலிக்கும். ஆனால் 2023 செப்டம்பரில் வந்த குனோம் 45இல் நீட்சிகள் எழுதப்படும் முறையே மாறியதால், பழைய நீட்சிகள் அனைத்தையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அங்கே எந்தக் கட்டாயமும் பலிக்கவில்லை. நீட்சிகளை ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டும் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள். வழு அறிவிக்கும் முன் எல்லா நீட்சிகளையும் அணைத்துவிடுங்கள்.

தீம்களைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது: பீட்டாவில் உபுண்டுவோடு வரும் ‘யாரு’ (Yaru) என்னும் தீமை (theme) அப்படியே வைத்துக்கொண்டு, அழுத்த நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்வது போதும். குனோமின் இடைமுக நூலகமான லிப்அட்வைட்டாவைக் கொண்டு எழுதப்பட்ட செயலிகள் வெளித் தீம்களை ஏற்பதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. வலிந்து திணித்தால் பொத்தான்கள் மறைவதும் எழுத்து பின்னணியில் கரைவதும் நடக்கும், அதற்கு உபுண்டு பொறுப்பாகாது.

பிறர் நடத்தும் வெளிக் களஞ்சியங்கள் புதிய பதிப்பின் குறிப்பெயரில் (codename) இன்னும் திறக்கப்படாமல் இருக்கலாம். அப்போது பழைய குறிப்பெயரை இட்டு ஏமாற்றி நிறுவாமல், இயங்குதளத்தின் பதிப்பை அதிகம் சாராத ஸ்னாப் அல்லது ஃப்ளாட்பேக் வடிவில் அந்தச் செயலி கிடைக்கிறதா என்று பாருங்கள். பைத்தான் என்னும் நிரல்மொழியின் இயல்புப் பதிப்பை மாற்றவே கூடாது. அமைப்பின் பல கருவிகள் அதை நம்பியிருக்கின்றன.

தமிழில் எழுதுபவர்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மற்றவர்கள் அதைச் செய்யப்போவதில்லை. ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவி வழியாக, பல மொழி விசைப்பலகைகளைத் தரும் எம்17என் பொதியைச் சேர்த்து, தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு விசைப்பலகையைத் தேர்ந்துகொண்டு, உரைத்திருத்தி, லிப்ரெஆஃபிஸ், ஃபயர்பாக்ஸ், முனையம், செயலிகளைத் தேடும் பெட்டி ஆகிய ஒவ்வொன்றிலும் தட்டச்சு செய்து பாருங்கள். ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவை சரியாக உருப்பெறுகின்றனவா, பின்னழிப்பு விசை எதை அழிக்கிறது, பாதி தட்டிய நிலையில் வேறு சாளரத்துக்குத் தாவினால் எழுத்து தொலைகிறதா, பூட்டுத்திரையில் ஆங்கில விசைப்பலகைக்கு மாற முடிகிறதா என்று கவனியுங்கள். 25.10 முதல் உபுண்டுவின் குனோம் அமர்வு, திரைக்காட்சியைக் கையாளும் புதிய முறையான வேலண்டில் மட்டுமே இயங்குகிறது. ஆகவே பழைய முறையான எக்ஸ் அமர்வுக்குள் போய்த் தப்பித்துக்கொள்ளும் வழி இனி இல்லை, உள்ளீட்டுக் கோளாறுகளைப் பீட்டாவிலேயே பிடித்தாக வேண்டும்.

பீட்டாவை நிறுவியவர்கள் இறுதி வெளியீட்டு நாளில் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. வழக்கமான புதுப்பித்தல்களே அவர்களை இறுதிப் பதிப்புக்குக் கொண்டு சேர்த்துவிடும். அறிவித்த வழுக்களை மட்டும் கைவிடாதீர்கள். சீர்செய்பவர் கூடுதல் விவரம் கேட்டு ஒரு வழுவை ‘முழுமையற்றது’ என்று குறித்தால், 60 நாட்களுக்குள் பதில் வராதபோது லாஞ்ச்பேட் அதைக் காலாவதியாக்கிவிடும். ஆகவே அதிலிருந்து வரும் மின்னஞ்சல்களை வெளியீட்டுக்குப் பிறகும் சில வாரங்கள் படித்து வாருங்கள்.