ராணியை வெட்டுவதா, செக்மேட்டைத் துரத்துவதா?

செஸ் பழகத் தொடங்கியதும் எல்லோரும் கற்றுக்கொள்வது நாலு மூவ் செக்மேட். பிஷப் சி4, ராணி எச்5, அடுத்து எஃப்7-ல் வெட்டு (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). எதிராளி அசராமல் ஜி6-க்குச் சிப்பாயைத் தள்ளினால் ராணி எஃப்3-க்கு வந்து மறுபடி எஃப்7-ஐப் பார்க்கும். கறுப்புக் குதிரை எஃப்6-ல் வந்து அதையும் அடைத்துவிடும். உங்கள் குதிரைக்கு உரிய எஃப்3 கட்டத்தில் ராணி உட்கார்ந்திருக்கும். காய் எதுவும் போகாததால் இது சின்னத் தவறுதான்.

மேட் ஆசையில் காயையே இழப்பதுதான் பெரிய தவறு. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகாலின் பொறியைப் பாருங்கள். வெள்ளைக் குதிரைகள் எஃப்3, சி3-ல், பிஷப் சி4-ல். கறுப்பு பிஷப் ஜி4-ல் நின்று, எஃப்3 குதிரை நகர்ந்தால் ராணி போகும் என்று மிரட்டுகிறது. கறுப்புச் சிப்பாய்கள் டி6, இ5-ல். வெள்ளை துணிந்து குதிரையால் இ5-ஐ வெட்டுகிறது. கறுப்பு ராணியை எடுத்தால் பிஷப் எஃப்7-ல் செக், ராஜா இ7, குதிரை டி5, மேட். எடுக்காமல் டி6 சிப்பாயால் குதிரையை வெட்டினால், வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுக்கும்; ஒரு சிப்பாய் லாபம். பொறி பலிக்காவிட்டாலும் கைநஷ்டம் இல்லை, அதுதான் இதன் அழகு.

ஆனால் கறுப்புக் குதிரை சி6-ல் இருந்தால் கதையே வேறு. அது இ5-ல் திருப்பி வெட்டும், ஜி4 பிஷப்புக்கும் காவலாகும். ஒரு சிப்பாய்க்காக முழுக் குதிரை போச்சு! முதலில் எச்3 தள்ளி, பிஷப் எச்5-க்குப் போன பிறகு இதையே செய்தால் மறுபடி சரியாக வரும். கறுப்புக் குதிரை இ5-ல் திருப்பி வெட்டியதும் வெள்ளை ராணி எச்5 பிஷப்பை வெட்டும். கறுப்புக் குதிரை சி4 பிஷப்பை எடுத்தால் ராணி பி5-ல் செக் கொடுத்து அந்தக் குதிரையைப் பிடிக்கும். ‘எதிராளி விழாவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்?’ என்று ஒரு கணம் கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்கும்.

ஒவ்வொரு பதிலையும் பார்த்து, கடைசி வரை எண்ணிவிட்ட மேட் என்றால் தயங்காமல் போங்கள். அங்கே ராணியைத் தியாகம் செய்தாலும் தப்பில்லை. ‘ஏதோ மேட் இருக்கிற மாதிரி தெரிகிறது’ என்றால், இலவசமாக நிற்கும் யானையை எடுங்கள். செஸ் எஞ்சின் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) பிறகு ‘ஏழு மூவில் மேட் இருந்தது’ என்று சொன்னாலும் வெட்கப்பட வேண்டாம்.

பேராசைக்கும் இடம் கொடுக்கக் கூடாது. காவலுக்கு நின்ற யானையைக் காய் வெட்ட அனுப்பிவிட்டு, கடைசி வரிசையில் மேட் வாங்கியவர்கள் ஏராளம். இன்னொன்று: கறுப்பு ராஜா எச்8-ல், மிச்சம் ஜி6-ல் ஒரே ஒரு சிப்பாய். ராணியால் அதையும் வெட்டினால் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆளுக்கு அரைப் புள்ளி.