பிஎச் ஏறிக்கொண்டே இருக்கிறதா? காரத்தன்மையைப் பாருங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். பெருக்கினால் 100.8 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். உங்கள் குளத்துக்கும் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். எதை எவ்வளவு போடுவது என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், அதை மட்டும்தான் பார்ப்பேன். ஆசிட் ஊற்றினால் 7.5-க்கு இறங்கும், இரண்டு நாளில் திரும்ப 8.2. பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது, குளோரினைக் குறைங்க தம்பி என்றார்கள். குளோரின் அதிகமில்லை, பிஎச்தான் அதிகம். பிஎச் 7.5-இல் அதில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8-க்குப் போனால் கால்வாசிதான்.

பத்து நாள் கழித்துக் காரத்தன்மைக்கான சொட்டுப் பரிசோதனையைச் செய்தேன். காரத்தன்மை என்பது பிஎச் அல்ல, ஆசிட்டைத் தாங்கும் பைகார்பனேட் போன்ற உப்புகள் தண்ணீரில் எவ்வளவு என்பது. ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு). பச்சை சிவப்பாக மாற 26 சொட்டு ஆனது. 260! இருக்க வேண்டியது 80 முதல் 120. எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் அவ்வளவு. அது நிறைய இருந்தால் தண்ணீரில் கரியமில வாயுவும் கூடுதலாகத் தங்கும். சோடா பாட்டிலைத் திறந்து வைத்த மாதிரி அது வெளியேற வெளியேற பிஎச் ஏறும். மூலத்தை விட்டுவிட்டு பிஎச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

குறைப்பது இப்படி. 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் 2 லிட்டர் ஊற்றினால் 1 லட்சம் லிட்டரில் 10 பிபிஎம் இறங்கும். ஒரு நாளைக்கு அவ்வளவுதான், அதுவும் குளத்தில் ஆளில்லாத இரவில். கையுறை, கண்ணாடி கட்டாயம். வாளியில் தண்ணீரைப் பிடித்துவிட்டு அதில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். பம்ப் ஓடும்போது ஆழமான பக்கம் சிறிது சிறிதாகக் கலக்கவும். குளோரின் வாளி வேறு, ஆசிட் வாளி வேறு. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது விஷ வாயு.

பிறகு தண்ணீர் உள்ளே வரும் குழாய் முனைகளை மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு கொப்பளிக்க விடுங்கள். காற்று பட்டால் பிஎச் ஏறும், காரத்தன்மை ஏறாது. அப்போதுதான் அடுத்த முறை ஆசிட் ஊற்ற இடம் கிடைக்கும். காலையில் முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துப் பாருங்கள், 7.2-க்குக் கீழே இருந்தால் அன்று ஆசிட் வேண்டாம். எனக்கு 110-க்கு வர மூன்று வாரம் பிடித்தது. அதன்பின் வாரம் ஒருமுறை கொஞ்சம் ஆசிட்டே போதுமாக இருந்தது.

ஐப்பசி மழையில் கதை தலைகீழ். மழைநீரில் காரத்தன்மை கிடையாது. குளம் நிரம்பி வழிந்தால் 60-க்கு இறங்கிவிடும், பிஎச்சும் தாறுமாறாக ஆடும். அதற்கு ஆப்பசோடா: 1 லட்சம் லிட்டருக்கு 1.7 கிலோ போட்டால் 10 பிபிஎம் ஏறும். 60-லிருந்து 100-க்கு 6.8 கிலோ, பாதியை இன்று, மீதியை நாளை அளந்து பார்த்துவிட்டு. சலவைச் சோடாவைப் போடாதீர்கள், பிஎச் எகிறிவிடும்.