கார்பன் டை ஆக்சைடு வரைபடத்தைக் காதால் கேட்பது எப்படி?

ஆபரேஷன் தியேட்டரில் பல்ஸ் ஆக்சிமீட்டரின் பீப் ஒலி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். மருத்துவர் திரையைப் பார்க்காமலேயே நிலவரம் அறிவார். ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் 1958 முதல் அளந்துவரும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கணக்கையும் அப்படிக் கேட்கலாம். பார்வையற்ற நண்பர் ஒருவருக்காக நான் செய்த முறை இது.

ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் தளத்தில் மாதாந்தர சிஎஸ்வி கோப்பு இலவசமாகக் கிடைக்கும். பைத்தான் நிரல்மொழி உங்களிடம் இருக்கும். சுரங்களை எண்களாகக் குறிக்கும் மிடி கோப்பை எழுத, மிடியூட்டில் என்ற நிரல் தொகுப்பை மட்டும் நிறுவிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். அளவுகளை நேராக ஹெர்ட்ஸாக மாற்றாதீர்கள். 200லிருந்து 300 ஹெர்ட்ஸுக்குப் போனால் ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவியதாகக் கேட்கும். 900லிருந்து 1000க்குப் போனால் இரண்டு சுரஸ்தானம்கூட நகராது. இரண்டிலும் வித்தியாசம் 100தான், ஆனால் காது விகிதத்தைத்தான் கேட்கிறது. மிடி எண்களில் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு எண் கூடினால் எங்கும் ஒரே அளவு ஏற்றம்தான்.

மிடி எண் = 48 + (அளவு − 310) ÷ 120 × 36

விடையை முழு எண்ணாக்குங்கள். 310 பிபிஎம் (பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 310) 48 ஆகும், 430 பிபிஎம் 84 ஆகும்; நடுவில் மூன்று ஸ்தாயி. மே மாதம் உச்சம் தொட்டு, வடகோளத்துச் செடிகொடிகள் கோடையில் உறிஞ்சுவதால் செப்டம்பர் வாக்கில் இறங்கும் சுமார் 6 பிபிஎம் அலைவும் தெளிவாகக் கேட்கும்.

வேகம் நிமிடத்துக்கு 120 பீட், மாதத்துக்கு ஒரு சுரம், ஒவ்வொரு சுரத்துக்கும் கால் பீட். ஓர் ஆண்டு ஒன்றரை நொடியில் ஓடிவிடும். கருவிக்கு என் தேர்வு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாதான், மிடியூட்டிலில் எண் 12. வயலின் வேண்டாம், இந்த வேகத்தில் சுரங்கள் ஒன்றோடொன்று குழையும். வால்யூமை வைத்து எண்ணைக் காட்டவும் வேண்டாம். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் அது மாறும். கேட்டுப் பார்க்க மியூஸ்ஸ்கோர் என்ற இசை மென்பொருள் நல்லது.

பின்சேர்க்கை: “எல்லாம் உச்சியிலேயே கீச்சிடுகிறது” என்று ஒருவர் கேட்டிருந்தார். அளவு இல்லாத மாதங்களில் கோப்பில் −99.99 என்று இருக்கும். 310க்குப் பதில் கோப்பின் மிகச்சிறிய எண்ணை நிரல் தானாக எடுத்தால், மொத்தக் கணக்கும் 76க்கும் 84க்கும் நடுவில் நெருங்கிவிடும். அந்த வரிகளை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

அப்புறம் இன்னொருவர், எந்தச் சுரம் எந்த அளவு என்று புரியவில்லை என்றார். நியாயம்தான். இப்போது தொடக்கத்தில் 310க்கும் 430க்கும் உரிய சுரங்களை நீட்டி ஒலித்து, ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் 1958ஐ ஆரம்பிக்கிறேன்.