கார்ட்லெஸ் ட்ரில்: பேட்டரி சீக்கிரம் சாகாமல் வேலை வாங்குவது

18 வோல்ட் ட்ரில்லின் பேட்டரிக்குள் 5 லித்தியம் அயான் செல்கள் தொடராக இணைந்திருக்கும். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. அதனால் ஃபுல் சார்ஜில் மீட்டர் 21 காட்டும். டப்பாவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’, ‘21 வோல்ட்’ என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் இதே 5 செல்தான். அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், பேட்டரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்று சொல்லும் ஆம்பியர்-ஹவரை (ஏஎச்) பாருங்கள். 10 செல் உள்ள 4 ஏஎச் பேட்டரியில் சுமையை இரண்டிரண்டு செல்லாகப் பங்கு போட்டுக்கொள்வதால் சூடு குறையும். சுவர் வேலைக்கு அதுதான் சரி.

பேட்டரியின் முதல் எதிரி சூடு. 10 மி.மீ. பிட், பெரிய ஸ்க்ரூ என்றால் கியரை 1-ல் வையுங்கள். பிட் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் உடனே ட்ரிக்கரை விடுங்கள். கரண்ட் மிக அதிகமாகப் பாய்வது அப்போதுதான். மொன்னை பிட்டை வைத்து அழுத்துவதும் இதே கேடுதான். செங்கல் சுவருக்கு ஹேமர் மோடு போதும். கான்கிரீட் பீம், தூண், லிண்டலுக்கு பலமாக இடித்தபடி துளைக்கும் தனி மெஷினான எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் சூடான பேட்டரியை அப்படியே சார்ஜரில் மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். வேகம் தளர்ந்தால் நிறுத்திவிடுங்கள், கடைசிச் சொட்டுவரை உறிஞ்ச வேண்டாம். மாதக்கணக்கில் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில் கழற்றி வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை டிசி 200-ல் வைத்து பிளஸ், மைனஸ் முனைகளில் அளக்கலாம். மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது. சார்ஜ் ஏறிய பேட்டரி 20.5-க்கு மேல் காட்ட வேண்டும். 15 என்றால் காலி. அதற்கும் வெகுவாகக் கீழே போனதைச் சில சார்ஜர்கள் ஏற்றுக்கொள்ளாது. வேறு பேட்டரியோடு வயர் போட்டு ‘எழுப்பும்’ வேலையில் இறங்காதீர்கள், தீப்பிடிக்கும். 21 காட்டியும் ட்ரிக்கரை அழுத்தியதும் மோட்டார் படுத்துவிட்டால் செல்லுக்கு வயதாகிவிட்டது, வோல்ட் இருந்தும் கரண்ட் தர முடியவில்லை என்று அர்த்தம்.

செல் மாற்றுவதானால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியதும் பழையதும் சமமாக ஏறி இறங்காது. எல்லாவற்றையும் ஒரே மாடலில், 15 ஆம்பியருக்குக் குறையாமல் தொடர்ந்து தரக்கூடிய செல்லாகப் போட்டு, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சால்டரிங் அயர்ன் சூடு செல்லின் உள்ளே சேதம் செய்யும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.