முப்பரிமாண உருவத்தைச் சுருங்கவிடாமல் வழவழப்பாக்குவது எப்படி?

ஒரு மண்பொம்மையை முப்பரிமாண ஸ்கேனரில் எடுத்தால், திரையில் வரும் உருவத்தின் மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். பொம்மையில் அந்தச் சொரசொரப்பு கிடையாது. ஸ்கேனரின் அளவீட்டில் நேர்ந்த சிறு பிழைகள்தான் அப்படித் தெரிகின்றன. மென்பொருளில் ஸ்மூத் பொத்தானை அழுத்தினால் அது மறைந்துவிடும். ஆனால் அழுத்திக்கொண்டே இருந்தால் பொம்மையே இளைத்துப்போகும், காதும் மூக்கும் தேய்ந்துவிடும். ஏன் இளைக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சராசரி எடுக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: மெஷ்ஷைப் படியுங்கள்

கணினிக்கு உருவம் என்பது இரண்டு பட்டியல்கள்தான். முதல் பட்டியலில் முனைகள் இருக்கும், முனைக்கு மூன்று எண்கள் வீதம். இரண்டாவது பட்டியலில் முக்கோணங்கள் இருக்கும். எந்தெந்த மூன்று முனைகளை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும் என்பதை முனைகளின் வரிசை எண்ணால் குறித்திருப்பார்கள். இப்படி முக்கோணங்களால் ஆன வலையைத்தான் மெஷ் என்கிறோம். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓபிஜே கோப்பில் முனைகளின் எண் 1-இலிருந்து தொடங்கும், பிஎல்ஒய் கோப்பில் 0-இலிருந்து.

படி 2: ஓட்டை இருக்கிறதா பாருங்கள்

ஓட்டையே இல்லாத மெஷ்ஷில் ஒவ்வொரு விளிம்பும் சரியாக இரண்டு முக்கோணங்களுக்குப் பொது. முக்கோணத்துக்கு மூன்று விளிம்பு என்பதால், முக்கோணங்களின் எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கினாலும் விளிம்புகளின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கினாலும் ஒரே விடை வர வேண்டும். அப்படியென்றால் முக்கோணங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும்.

இதை ஸ்டான்ஃபோர்ட் முயலில் சோதித்துப் பாருங்கள். கிரெக் டர்க், மார்க் லெவாய் இருவரும் 1994-இல் ஒரு சுடுமண் முயலை ஸ்கேன் செய்து உருவாக்கிய மெஷ் அது. இந்தத் துறையில் எதைப் புதிதாகக் கண்டுபிடித்தாலும் முதலில் அந்த முயலில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் 69,451 முக்கோணங்கள். ஒற்றைப்படை! ஆகவே முயலில் ஓட்டை இருந்தே ஆக வேண்டும், படத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம். உண்மையிலேயே அதன் அடிப்பாகத்தில் ஓட்டைகள் இருக்கின்றன. இரட்டைப்படை வந்துவிட்டால் ஓட்டையே இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு விளிம்பு விளிம்பாகச் சரிபார்க்க வேண்டும்.

படி 3: அண்டை முனைகளின் சராசரி

ஒரு முனையோடு விளிம்பால் இணைந்த முனைகள் எல்லாம் அதன் அண்டை முனைகள். அவற்றின் சராசரி இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து முனையின் இடத்தைக் கழியுங்கள். கிடைக்கும் வெக்டருக்கு லாப்ளேசியன் என்று பெயர். முனை தன் சுற்றத்திலிருந்து எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்கிறது. அதை லாம்டா என்ற சிறு எண்ணால் பெருக்கி, முனையின் இடத்தோடு கூட்டினால் புதிய இடம் கிடைக்கும். லாம்டாவை 0.5 என்று வைத்துக்கொள்வோம்.

படி 4: ஒரு மேட்டைக் கரைத்துப் பாருங்கள்

தட்டையான ஒரு மெஷ். ஒவ்வொரு முனைக்கும் ஆறு அண்டை முனைகள். நடு முனை மட்டும் 0.6 மி.மீ. மேலே நிற்கிறது, மற்றதெல்லாம் 0 உயரத்தில். நடு முனையின் அண்டைச் சராசரி 0. வித்தியாசம் -0.6, அதில் பாதி -0.3. ஆகவே புதிய உயரம் 0.3.

இப்போது பக்கத்து முனையைப் பாருங்கள். அதன் ஆறு அண்டை முனைகளில் ஒன்று 0.6, மற்ற ஐந்தும் 0. சராசரி 0.1. பாதி 0.05. ஆக அது 0.05 உயர்கிறது. இப்படி ஆறு முனைகள், மொத்தம் 0.3. நடுவில் மிஞ்சிய 0.3-ஐயும் சேர்த்தால் அதே 0.6! மேடு காணாமல் போகவில்லை, சுற்றிலும் பரவியிருக்கிறது. ஒரு தகட்டில் வெப்பம் பரவுவதற்கான சமன்பாடும் இதே கணக்குதான்.

எல்லா முனைகளுக்கும் பழைய இடங்களை வைத்தே கணக்கிட வேண்டும். நடு முனையை முதலில் 0.3-க்கு இறக்கிவிட்டு அப்புறம் பக்கத்து முனைக்குப் போனால், அதற்கு 0.05-க்குப் பதில் 0.025 கிடைக்கும். எந்த வரிசையில் போகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். அதனால் புதிய இடங்களைத் தனிப் பட்டியலில் எழுதி, கடைசியில் மொத்தமாக மாற்றுங்கள்.

படி 5: உருவம் ஏன் சுருங்குகிறது?

ஒரு எண்முகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முனைகள், மூன்று அச்சுகளிலும் 1, -1 ஆகிய இடங்களில். மேல் முனைக்கு நான்கு அண்டை முனைகள், அவற்றின் சராசரி சரியாக மையத்தில் விழுகிறது. மற்ற ஐந்துக்கும் அப்படியே. லாம்டா 0.5 என்றால் ஒவ்வொரு முனையும் மையத்தை நோக்கிப் பாதி தூரம் வந்துவிடும். நீளம் பாதியானால் கன அளவு எட்டில் ஒரு பங்கு. ஒரே சுற்றில்! இதில் சொரசொரப்பே கிடையாது என்பதைக் கவனியுங்கள். உருவத்தின் இயல்பான வளைவைக்கூட இந்தக் கணக்கு மேடாகவே நினைத்துக் கரைக்கிறது.

படி 6: டாபின் தந்த வழி

கேப்ரியல் டாபின் 1995-இல் வெளியிட்ட தீர்வு இது. ஒரு சுற்று லாம்டாவால் உள்ளே இழுங்கள். அடுத்த சுற்று மியூ என்ற மைனஸ் எண்ணால் வெளியே தள்ளுங்கள். மியூவின் அளவு லாம்டாவைவிடச் சற்று அதிகம்: 0.5, -0.53.

உள்ளே இழுத்ததை வெளியே தள்ளினால் சொரசொரப்பும் திரும்பி வந்துவிடாதா? வராது. எந்த உருவத்தையும் பல அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு அலைக்கும் 0 முதல் 2 வரை ஓர் ஐகன் மதிப்பு உண்டு, அலை எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் எண் அது. பெரிய, மெதுவான வளைவுகளுக்கு அது 0-க்கு அருகில் இருக்கும். முனைக்கு முனை குதிக்கும் சொரசொரப்புக்கு 1-ஐத் தாண்டும். ஒரு சுற்று ஓட்டினால் அந்த அலை, 1-இலிருந்து லாம்டா × ஐகன் மதிப்பைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கப்படும். வெளியே தள்ளும் சுற்றில் லாம்டாவுக்குப் பதில் மியூ.

மெதுவான வளைவு ஒன்றின் மதிப்பு 0.05 என்போம். சாதாரண முறையில் ஒரு சுற்றுக்கு 0.975 மடங்கு. 20 சுற்று ஓட்டினால் சுமார் 0.60 மடங்கு, அதாவது 40 சதவீதம் இழப்பு. டாபின் முறையில் ஒரு லாம்டா சுற்றும் ஒரு மியூ சுற்றும் சேர்ந்த ஒரு ஜோடிக்கு 0.975 × 1.0265, கிட்டத்தட்ட 1.0008. அதே 20 சுற்றுகளை 10 ஜோடிகளாக ஓட்டினால் 1.008 மடங்கு. வளைவு அப்படியே நிற்கிறது.

மதிப்பு 1.5 உள்ள சொரசொரப்புக்கு ஒரு ஜோடி தருவது 0.25 × 1.795, சுமார் 0.45. பத்து ஜோடி முடிந்ததும் மிஞ்சுவது 0.0003-தான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். கூடுதலாக ஒரு பெருக்கலைத் தவிர வேறு எதையும் கேட்காமல், எதைக் கரைக்க வேண்டும் எதை விட வேண்டும் என்று பிரித்துவிடுகிறது.

எண்முகியில் மட்டும் இது கைகொடுக்காது. அங்கே உருவத்தின் ஐகன் மதிப்பே 1. அதனால் ஒரு ஜோடி ஓட்டினாலும் 0.5 × 1.53 = 0.765 என்று சுருங்கும். முனைகள் நெருக்கமாக உள்ள மெஷ்ஷில்தான் உருவமும் சொரசொரப்பும் தனித்தனியாகத் தெரியும்.

படி 7: மெஷ்லேப்பில் ஓட்டுங்கள்

இத்தாலியின் பீசா நகரில் உருவான இலவச மென்பொருள் மெஷ்லேப். அதன் ஃபில்டர்ஸ் பட்டியலில், ஸ்மூத்திங் என்று தொடங்கும் பிரிவில் டாபின் ஸ்மூத் இருக்கும். லாம்டா 0.5, மியூ -0.53 என்று வைத்து ஓட்டுங்கள். முயலின் இன்னொரு பிரதியில் லாப்ளேசியன் ஸ்மூத்தையும் அதே அளவுக்கு ஓட்டி, காது நுனிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்களே நிரல் எழுதினால் ஓட்டையின் ஓரத்தில் உள்ள முனைகளைத் தனியாகக் கவனியுங்கள். அவற்றுக்கு அண்டை முனைகள் ஒரு பக்கம்தான் இருக்கும். சராசரி அந்தப் பக்கமே இழுக்கும், ஓட்டை பெரிதாகும். ஓர முனைகளை அசையாமல் நிறுத்திவிடலாம், அல்லது ஓரத்திலேயே இருக்கும் இரண்டு அண்டை முனைகளை மட்டும் வைத்துச் சராசரி எடுக்கலாம்.