18-55 கிட் லென்ஸைக் குறை சொல்லும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் (18 முதல் 55 எம்எம் வரை ஜூம் ஆகும் கிட் லென்ஸ்) படம் மங்கலாக வந்தால், பெரும்பாலும் குறை லென்ஸில் இல்லை, அதைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது.

வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நிற்கிறீர்கள். வெளியே கொளுத்தும் வெயில், தூண்களுக்கு இடையே அரையிருட்டு. யாளியின் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று நின்ற இடத்திலிருந்தே 55 வரை ஜூம் செய்வதுதான் முதல் தவறு. இந்த லென்ஸின் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, அதிகபட்சமாக 18இல் எஃப் 3.5, 55இல் எஃப் 5.6. எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். உள்ளே வரும் வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைகிறது. ஆட்டோவில் விட்டால் கேமரா ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றிவிடும். உளி வேலைப்பாடெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்துபோகும். நான்கு எட்டு வைத்து முன்னால் போய், ஜூமை 24, 28 அளவில் வைத்து எடுங்கள். ஸ்டெபிலைசேஷன் (நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) உள்ள லென்ஸ் என்றால், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு 1/15 நொடியில் கையிலேயே எடுக்கலாம். ஐஎஸ்ஓவும் கட்டுக்குள் இருக்கும்.

கல் அசையாது, அதனால் இது செல்லும். தாலி கட்டும் நேரத்தில் செல்லாது. ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். மாப்பிள்ளையின் கை அசைவை நிறுத்தாது. அங்கே ஷட்டர் வேகம் 1/125 நொடியை விட மெதுவாக இருக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் பலர் கடன் வாங்கியாவது 24-70 போன்ற எஃப் 2.8 புரொஃபஷனல் ஜூம் வாங்கக் கிளம்புகிறார்கள். எஃப் 5.6க்குப் பதில் 2.8 தருவது நான்கு மடங்கு வெளிச்சம். விலை மலிவான 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு தருகிறது! தாழ்வான வெள்ளைக் கூரை இருந்தால், தனி பிளாஷை மேலே திருப்பி அடித்தாலே கிட் லென்ஸ் போதும். கேமராவிலேயே உள்ள குட்டி பிளாஷ் வேண்டாம். லென்ஸ் முனையில் வெயில் மறைப்பான ஹூட்டை மாட்டி, அந்த பிளாஷோடு 18இல் எடுத்தால் படத்தின் அடியில் வளைந்த நிழல் விழும்.

24-70 வாங்குவோர் இன்னொன்றையும் மறக்கிறார்கள். கேனானின் சிறிய கிராப் சென்சாரில் அதன் 24, முழு சென்சாரின் (ஃபுல் ஃபிரேம்) 38 போல நடந்துகொள்ளும்; படத்தில் அடங்கும் அகலம் குறையும். மணமேடையில் உறவினர் கூட்டம் மொத்தமும் ஏறி நிற்கும்போது பின்னால் நகர இடமிருக்காது.

ஏலகிரி மலைக்காட்சிக்கு எஃப் 22 வைத்தால் எல்லாம் கூர்மையாகும் என்பது தவறான நம்பிக்கை. துளை அவ்வளவு சுருங்கினால் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கும். எஃப் 8 வையுங்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் நல்ல தோல் பை கிடைக்கிறது என்பதற்காக லென்ஸை மாதக்கணக்கில் அதில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போதும் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்கண்ணாடி வழியே இந்தப் பூஞ்சை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.