பழைய விமான நிலையத்தை வைத்துக்கொண்டே புது முனையம் கட்ட

பழைய முனையத்தை இடிக்க வேண்டாம் என்று முடிவெடுப்பது சுலபம். அப்புறம் என்ன நடக்கும்? சுற்றித் தகர வேலி அடிப்பார்கள். பக்கத்தில் பைல் (மண்ணுக்குள் இறங்கும் அடித்தளத் தூண்) இறக்குவார்கள். குழியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக மோட்டார் போட்டு இறைப்பார்கள். வேலிக்குள் சிமெண்ட் மூட்டையும் கம்பியும் அடுக்குவார்கள். புது முனையம் திறக்கும் நேரத்தில் வேலியைப் பிரித்தால், பழைய சுவரில் மூலைக்கு மூலை வெடிப்பு. உடனே யாராவது வந்து சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கட்டடத்துக்குக் கேடுகாலம் அன்றைக்குத்தான் ஆரம்பம்.

நான் கீழக்கரைக்காரன். ஷார்ஜாவில் கட்டட சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போது ஊரில் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு வேலை எடுத்துச் செய்கிறேன். தங்கை மகன் வளைகுடாவில் ஒரு விமான நிலைய சைட்டில் இன்ஜினியர். "மாமா, பழைய டெர்மினல் ஒண்ணு உள்ள நிக்குது, ஒட்டினாப்புல புதுசு வருது, எதை முதல்ல பார்க்கணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே, நம் கரைக்கும் பொருந்தும்படி, கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எதை வைத்துக்கொள்வது

முழுவதையும் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் முதலில் ஓடுபாதையிலிருந்து அளவெடுக்க வேண்டும். அந்தக் காலத்து விமானங்கள் சிறியவை. பயணிகள் நடந்தே போய் ஏறினார்கள். ஆகவே பழைய முனையங்கள் ஓடுபாதைக்குக் கிட்டத்தில் நிற்கும். இன்றைய சர்வதேச விதிப்படி, பெரிய ஓடுபாதையை ஒட்டிக் காலியாக விடும் பக்கவாட்டுப் பட்டை முடியும் இடத்திலிருந்து ஏறக்குறைய 7 மீட்டர் தள்ளிப் போனால்தான் 1 மீட்டர் உயரம் ஏறலாம். அந்தச் சரிவுக் கோட்டைப் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மேல் வரைந்து பாருங்கள். கோடு கோபுரத்தை வெட்டுகிறதா இல்லையா என்று தெரியாமல் மற்ற எதையும் பேசுவது வீண்.

வெட்டினால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் நியூவர்க் விமான நிலையத்தின் 1935ஆம் ஆண்டுக் கட்டடத்தை மூன்று துண்டாக அறுத்து, நகர்த்திக்கொண்டு போய் வேறு இடத்தில் ஒட்டவைத்தார்கள். செலவு பிடித்த வேலைதான், ஆனால் நடந்த வேலை.

வெட்டாவிட்டால் இரண்டு வழி உண்டு. வாஷிங்டனில் ஏரோ சாரினென் வடிவமைத்த டல்லஸ் முனையம் 1962இல் திறந்தது. 1996இல் அதே வளைந்த கூரையை, அதே தூண்களை இரண்டு பக்கமும் நீட்டினார்கள். நியூயார்க்கில் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்துக்கு அதே சாரினென் வடிவமைத்த முனையமும் 1962தான். அது முட்டை ஓடு மாதிரி மெல்லிய கான்கிரீட் கூரை. அதை நீட்டவே முடியாது. எனவே ஜெட்புளூ விமான நிறுவனத்தின் புது முனையத்தை அதற்குப் பின்னால் பிறை வடிவத்தில் கட்டி 2008இல் திறந்தார்கள். பழையது 2001இல் மூடியது. 2019இல்தான் ஓட்டலாக மறுபடி திறந்தது. நீட்டக்கூடிய வடிவமா, விலகி நிற்க வேண்டிய வடிவமா என்பதை அந்தக் கட்டடமே சொல்லிவிடும். கட்டடக்கலைஞரின் ஆசையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

ஷார்ஜாவில் மூன்றாவது மாதிரி ஒன்றைப் பார்த்தேன். 1932இல் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் இந்தியாவுக்கு வரும் வழியில் இறங்கிய நிலையம் அல் மஹத்தா. அதன் ஓடுபாதை இன்றைக்கு ஊருக்குள் ஒரு பெரிய சாலை. நிலையக் கட்டடம் மட்டும் அருங்காட்சியகமாக நிற்கிறது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனால், நடக்கிற சாலை ஒரு காலத்தில் ஓடுபாதை என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டடம் நிற்பது சந்தோஷம்தான். ஆனால் மைதானம் கண்ணில் படாத விமான நிலையம் எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது. முகப்பை மட்டும் நிறுத்திவைத்து உள்ளே எல்லாவற்றையும் உருவிவிடுவதும் அப்படித்தான். வாசல், கூடம், படிக்கட்டு, அங்கிருந்து விமானம் தெரிகிற ஜன்னல் என்று பயணி நடந்த வழி முழுசாக இருக்க வேண்டும். புது முனையத்தின் பாதுகாப்பு எல்லையைப் பழைய கட்டடத்துக்கு அந்தப் பக்கமாகப் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் டிக்கெட் இல்லாத உள்ளூர்க்காரரும் உள்ளே வர முடியும்.

பக்கத்துக் குழி

மண் வேலை தொடங்கும் முன்பே பழைய கட்டடத்தின் ஒவ்வொரு வெடிப்பின் குறுக்கேயும் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை, இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். வெடிப்பு நகர்ந்தால் கண்ணாடி உடையும். மானிட்டர் கருவி எல்லாம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் கண்ணாடி உடைந்ததை வாட்ச்மேன்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவார். சுவரையும் தரையையும் கூரையின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து, ஒப்பந்தக்காரர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் சண்டை பாதி குறையும்.

பைலை அடித்து இறக்கக் கூடாது. துளையிட்டு வார்க்கச் சொல்லுங்கள். அதிர்வுக்கு ஜெர்மன் விதி ஒன்று உண்டு, டிஐஎன் 4150. அதன்படி பழமையான, நொய்ந்த கட்டடத்தின் அடித்தளத்தில் மெதுவாக ஆடும் அதிர்வின் வேகம் நொடிக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தொழிற்கூடக் கட்டடத்துக்கு அதே விதி 20 வரை விடுகிறது. புது முனையத்து ஆட்கள் இந்த 20ஐத்தான் கையில் வைத்திருப்பார்கள். 3 என்று டெண்டரிலேயே எழுத வேண்டும்.

இதைவிட ஆபத்து தண்ணீர் இறைப்பது. எங்கள் கரையில் மணலுக்குள் நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காக உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. குழியில் மோட்டார் போட்டால் நல்லது போய்விடும்; கீழே இருக்கும் உப்பு மேலே வரும். தரை இறங்குவது ஒரு பக்கம், பழைய சுவரின் அடியில் உப்பு ஓதம் ஏறுவது இன்னொரு பக்கம். குழியைச் சுற்றித் தண்ணீர் புகாத அடைப்பு வைத்துத் தோண்டினால் செலவு கூடும். அந்தச் செலவைக் குறைக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உப்பும் சுண்ணாம்பும்

பாம்பன், கீழக்கரைப் பக்கத்துப் பழைய சுவர்களில் முருகைக்கல், அதாவது பவளக்கல், நிறைய இருக்கும். தனுஷ்கோடியில் நிற்கிற தேவாலயச் சுவரும் அதுதான். ஷார்ஜாவின் பழைய வீடுகளும் கடலில் எடுத்த அதே மாதிரிக் கல்தான். அங்கே போன புதிதில் சொந்த ஊர்ச் சுவரைப் பார்த்த மாதிரி இருந்தது. இந்தக் கல்லில் பொத்தல் அதிகம். ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விடும். சுண்ணாம்புப் பூச்சும் அப்படியே செய்யும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லின் முகத்தையே தள்ளும். எங்கள் தெருவில் ஒரு பழைய மண்டபத்துக்கு அப்படிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். விரல் முட்டியால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம். கரணை முனையை நுழைத்ததும் தட்டு அளவுக்குப் பூச்சு கையோடு வந்தது. அதன் பின்பக்கம் கல்லின் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்தால் சுத்தமான உப்பு.

அதனால் முதலில் சிமெண்ட்டை உளியால் மெதுவாக எடுங்கள். டிரில் போடாதீர்கள். பிறகு காகிதக் கூழை நல்ல தண்ணீரில் ஊறவைத்துச் சுவரில் கனமாக அப்பி, காயவிட்டு உரியுங்கள். காயும்போது உப்பு கூழுக்குள் வந்துவிடும். ஒரு முறையில் தீராது. கூழில் உப்புக் கரிப்பு குறையும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கு அடியில் வாரக் கணக்கில் விட்டுவிடுங்கள். கழுவிய ஆற்று மணல் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு. ஈரம் அதிகமுள்ள இடத்தில் செங்கல் தூள் கொஞ்சம் சேர்ப்பேன். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் அரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெண்ணெய்ப் பதம் வந்ததும் கரணையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். எங்கள் ஊர் நிலத்தடித் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு இருப்பதால் இந்த வேலைக்கு லாரித் தண்ணீர்தான் வாங்குகிறேன். கடல் மணல் கூடவே கூடாது.

உடைந்த முருகைக்கல்லுக்குப் பதில் புதுக் கல் கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்காது, கேட்கவும் கூடாது. 2001 முதல் பவளங்கள் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. இடிந்த பகுதியில் விழுந்து கிடக்கும் கல்லைப் பொறுக்கி, எண் போட்டு, அதையே திரும்ப வைக்க வேண்டும். ஆகவே இடிபாட்டை லாரியில் ஏற்றும் முன் நீங்கள் அங்கே நிற்க வேண்டும்.

விமான நிலையக் கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லும் கான்கிரீட்டும்தானே என்றால், சரி, எதிரி அதே உப்புதான். கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். பாம்பனில் 1914ஆம் ஆண்டுப் பாலத்தைக் காலமெல்லாம் பெயிண்ட் அடித்துத்தான் ஓட்டினார்கள். 2025இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். பழைய முனையத்தில் புதிதாகச் செருகும் ஒவ்வொரு போல்ட்டும் அந்த ரகமாக இருக்கட்டும்.

புதுசும் பழசும் சேரும் இடம்

இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். இணைப்பு நடைபாதை புதுக் கட்டடத்தின் தூண்களிலேயே நிற்க வேண்டும். பழைய சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. புது முனையத்தின் கூரை பெரிது. ஐப்பசி கார்த்திகை மழையில் அவ்வளவு தண்ணீரும் பழைய கட்டடத்தின் அடிவாரத்தில் கொட்டாமல் வடிகால் எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் கேளுங்கள். ஏசியைப் பழைய கூடத்தில் முழுவேகத்தில் ஓடவிட்டால் கடற்காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து, காய்ந்து, உப்பை மறுபடி எழுப்பும். உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல், மின்விசிறி போதும்.

எடை குறைந்த வேலையைத்தான் பழைய கட்டடத்துக்குக் கொடுக்க வேண்டும். பெட்டிகளைச் சோதிக்கிற எக்ஸ்ரே இயந்திரத்தையும் கன்வேயரையும் அங்கே வைக்காதீர்கள். வழியனுப்ப வருகிறவர்கள் உட்காரும் கூடம், அருங்காட்சியகம், அலுவலகம் போன்றவை ஆகும். லண்டனின் 1928ஆம் ஆண்டுக் கிராய்டன் முனையமும் லிவர்பூலின் பழைய முனையமும் இப்படி வேறு வேலைக்குப் போய்த்தான் பிழைத்தன. டீக்கடை வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, புகைபோக்கியைச் சுவரை உடைத்து விடாதவரை.

கடைசியாக டெண்டர். சுண்ணாம்பு வேலையை 'பூச்சு வேலை' என்ற ஒரே வரியில் சேர்த்துவிடாதீர்கள். சிமெண்ட் விலைக்கே எடுத்து, சிமெண்ட்டையே பூசுவார்கள். தனி வரி, தனி விலை, தெரிந்த கொத்தனார் என்று எழுதுங்கள். வரிசையும் முக்கியம்: முதலில் முட்டுக் கொடுப்பதும் உப்பெடுப்பதும், பிறகு பக்கத்தில் பைல், கண்ணாடித் துண்டுகள் உடையாமல் நிற்கத் தொடங்கிய பிறகே இறுதிப் பூச்சு. பூச்சுக்கான கடைசித் தவணையை ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதாகக் கழிந்து, சுவரைத் தட்டிப் பார்த்த பின் கொடுங்கள்.